சளியும் காய்ச்சலும் பாட்டியின் கைம்மருந்தும்



அண்மையில் நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார்: “டீச்சர், பிள்ளைக்குச் சளி பிடித்தால் என் அம்மா கஷாயம் வைக்க வேண்டும் என்கிறார். என் மனைவி கிளினிக்குக் கொண்டு போக வேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?” அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய வீட்டில் அது சிரிக்கும் செய்தியன்று என்பது முகத்திலேயே தெரிந்தது. நின்ற நிலையில் விடை சொல்லக்கூடிய கேள்வியாக எனக்கு அது தோன்றவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலுதவியும் நலக்கல்வியும் கற்றவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூக்கு ஒழுகும் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்து வருபவள். என் தகுதி அவ்வளவுதான்.

கம்போங் ராஜாவில் வாழ்வோருக்குக் குளிரைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேமரன் மலையில் 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் பதிவான 7.8 பாகை செல்சியஸ்தான் இந்நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை என்று கூறுவர். இப்போது அவ்வளவு குளிர் இல்லை. எனினும் காலையில் பனிமூட்டம் விலகுவதற்கு முன்னரே பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு வந்து விடுகிறார்கள். வந்ததும் முதல் வேலையாக வகுப்பறைச் சன்னல்களைச் சாத்துகிறார்கள். குளிர்தான் சளியைக் கொண்டு வருகிறது என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. உண்மையில் சளியைக் கொண்டு வருவது கிருமி. குளிருக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்திவிட்டு, ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டு அமர்ந்திருப்பது அக்கிருமிக்கு நாம் செய்து கொடுக்கும் வசதி. ஒவ்வொரு நாளும் நான் இரண்டு சன்னல்களைத் திறந்து வைக்கிறேன். யாராவது ஒரு மாணவன் எனக்குத் தெரியாமல் ஒன்றை மூடி விடுகிறான். இந்தப் போட்டி ஆண்டு முழுவதும் நடக்கும்.

நம் மலையில் கைவைத்தியம் ஏன் இத்துணை ஆழமாக ஊன்றியது என்பதற்குக் காரணம் உண்டு. வில்லியம் கேமரன் இம்மலையை அளந்தது 1885-இல். ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள் எழுந்தன. நம் ஊரை அடுத்த புளூ வேலிப் பகுதியிலும் தேயிலை வந்தது. காட்டை வெட்டிக் கொழுந்து எடுக்க வந்த நம் முன்னோருக்குப் பக்கத்தில் மருத்துவர் இல்லை. தோட்டத்து டிரசர் கொடுத்த மருந்தும், சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்த சுக்கும் மிளகும் ஓமமுமே இருந்தன. அதற்கும் முன்னர், 1918-இல் உலகையே உலுக்கிய இன்ஃப்ளூயன்சா மலாயாவின் தோட்டங்களில் புகுந்தபோது தொழிலாளர்கள் பெருமளவில் மாண்டார்கள். அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் அன்று கண்டுபிடிக்கப்படவில்லை. வெந்நீரும் கஞ்சியும் கஷாயமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓர் ஆளும் இருந்தால் அதுவே பெரும் பேறு. அந்த நினைவு நம் பாட்டிமார்களின் கைகளில் இன்றும் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

தடுமனும் இன்ஃப்ளூயன்சாவும் ஒன்றல்ல என்பதை மட்டும் முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். தடுமன் மெல்ல வரும். தும்மல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு. பிள்ளை சற்றே சிணுங்கும், ஆனாலும் விளையாடும். இன்ஃப்ளூயன்சா அடித்துப் போடும். காலையில் நன்றாக இருந்த பிள்ளை மாலையில் அனலாய்க் கொதிக்கும். கை கால் குடைச்சல், தலைவலி, உணவில் வெறுப்பு. நோய் வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அப்பிள்ளை மற்றவர்களுக்கு அதைப் பரப்பத் தொடங்கி விடுகிறது. இரண்டுமே வைரசால் வருபவை. ஆகவே கிளினிக்கில் “அன்டிபயாடிக் கொடுங்கள்” என்று வற்புறுத்துவதில் பயனில்லை. அம்மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரசை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பாட்டியின் கஷாயத்தை எள்ளி நகையாடும் சில படித்த பெற்றோர்கள், மூன்று நாள் தடுமனுக்கு அன்டிபயாடிக் கேட்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எது மூடநம்பிக்கை என்று அப்போது எனக்கே ஐயம் வந்துவிடும்.

இனி நம் அடுக்களைக்கு வருவோம்.

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்பர். தமிழாசிரியர்களுக்கு இப்பெயரைக் கேட்டவுடன் பதினெண்கீழ்க்கணக்கு நினைவுக்கு வரும். நல்லாதனார் தம் நூலுக்கு இம்மருந்தின் பெயரையே சூட்டினார். ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் அவ்வாறே மருந்துப் பெயர் கொண்ட நூல்கள். மாணவர்க்கு அறம் கூறும் நூல்களுக்கு அஞ்சறைப் பெட்டியிலிருந்து பெயர் எடுக்கும் அளவுக்கு மருந்து அன்றாட வாழ்வோடு கலந்திருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதைக் கூறி, “உங்கள் வீட்டில் இம்மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து வாருங்கள்” என்று அனுப்பினேன். மிளகு எல்லா வீட்டிலும் இருந்தது. சுக்கு சில வீடுகளில் இருந்தது. திப்பிலியைப் பெரும்பாலோர் கண்டதே இல்லை. ஒரு மாணவி மட்டும் ஒரு சிறிய தகர டப்பாவில் அதைக் கொண்டு வந்து காட்டினாள். வகுப்பு முழுவதும் வரிசையாய் நின்று முகர்ந்து பார்த்துத் தும்மியது.

இவை சளிக்கிருமியைக் கொல்கின்றனவா என்று கேட்டால், அப்படிச் சொல்ல உறுதியான சான்று இல்லை. ஆனால் வேறு ஒன்றைச் செய்கின்றன. மிளகின் காரமும் இரசத்தின் சூடும் மூக்கடைப்பை இளக்குகின்றன, தொண்டைக்கு இதமாகின்றன, உண்ண மறுக்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் நீரையும் உப்பையும் கொண்டு சேர்க்கின்றன. காய்ச்சலில் உடல் நீரை இழக்கும்போது இது சிறிய உதவியன்று. அமெரிக்காவில் 1978-இல் மருத்துவர் சிலர் வெந்நீர், தண்ணீர், கோழிச்சாறு ஆகிய மூன்றையும் குடிக்கச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சூடான பானங்கள் மூக்குச்சளியை விரைந்து நகரச் செய்தன. தண்ணீரோ அதை மந்தமாக்கியது. கோழிச்சாறு மற்ற இரண்டையும்விடச் சிறப்பாகச் செயலாற்றியது. நம் வீடுகளில் நாட்டுக்கோழியை மிளகு தட்டிப்போட்டுச் சாறு வைத்துக் கொடுக்கும் தாய்மார்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

மஞ்சள் பாலில் மிளகு ஒரு சிட்டிகை சேர்ப்பதும் வெறும் சுவைக்காக மட்டுமன்று. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருளை நம் உடல் எளிதில் ஏற்றுக் கொள்வதில்லை. மிளகில் உள்ள பைப்பரின் சேரும்போது அது பன்மடங்கு கூடுதலாக உடலில் சேர்கிறது என்பதை 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வொன்று காட்டியது. அதற்காக மஞ்சள் பால் இன்ஃப்ளூயன்சாவைக் குணப்படுத்தும் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டா. இரவில் ஒரு குவளை இளஞ்சூடான பால் குடித்த பிள்ளை சற்று நன்றாக உறங்கும். உறக்கமே அதற்குப் பாதி மருந்து.

தேனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கைம்மருந்துகளில் ஆராய்ச்சியாளர்களின் நம்பிக்கையைப் பெற்றது இதுதான். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2007-இல் இருமலால் உறக்கமிழந்த 105 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். உறங்கப் போகுமுன் ஒரு முறை தேன் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் எதுவுமே கொடுக்கப்படாத பிள்ளைகளைவிட நன்றாக உறங்கினர், இருமலும் குறைந்தது. கடையில் விற்கும் இருமல் மருந்தில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் அந்த அளவுக்குக்கூடப் பயன் தரவில்லை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2018-இல் இருமலுக்கு முதலில் தேனையே பரிந்துரைத்தது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் துளியும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் விதைகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சைச் சுரக்கின்றன. பெரியவர்களுக்கு அதனால் தீங்கில்லை. காய்ச்சினாலும் அவ்விதைகள் அழிவதில்லை. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒராங் அஸ்லி நண்பர்கள் சாலையோரத்தில் விற்கும் காட்டுத் தேனாயினும், பேரங்காடியில் வாங்கும் தேனாயினும் இவ்விதி ஒன்றே.

ஆடாதோடை என்றொரு செடி. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. என் தாயார் அதன் இலையைக் கொதிக்க வைத்துக் கொடுக்கும்போது நான் வீட்டைச் சுற்றி ஓடியிருக்கிறேன். அந்த இலையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் சளி மருந்தை வேதியியலார் உருவாக்கினார்கள். சளியை இளக்குவதற்கு இன்று கிளினிக்குகளில் கொடுக்கப்படும் சிறிய வெள்ளை மாத்திரைகளில் அதுவும் ஒன்று. “கஷாயமா, கிளினிக்கா” என்று சண்டையிடும் குடும்பத்தார் இதை அறிந்தால் கொஞ்சம் சமாதானம் ஆவார்கள். ஒரே வேற்றுமை, மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். கஷாயத்தில் அது பாட்டியின் கைப்பிடியைப் பொறுத்தது.

கற்பூரவல்லி, அதாவது ஓமவல்லி, கம்போங் ராஜாவில் பால்மாவு டின்னில்கூடத் தழைத்து வளரும். மலாய் அண்டை வீட்டார் அதையே பாங்குன்-பாங்குன் என்று கூறிச் சமைப்பார்கள். இலையைத் தணலில் வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வழக்கம். கொடுங்கள், தடையில்லை. ஆனால் இலையை எங்கிருந்து பறிக்கிறீர்கள் என்று பாருங்கள். நம் வீடுகளின் பின்புறமே காய்கறித் தோட்டம். அங்கே முட்டைக்கோசுக்கும் தக்காளிக்கும் பூச்சிமருந்து தெளிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைச் செடி அறியாது. வேலியோரத்தில் தானாக முளைத்த துளசியையும் தூதுவளையையும் ‘இயற்கை மருந்து’ என்று நம்பிப் பறித்து, கழுவாமல் அரைப்பது பொருந்தாது. வாசற்படியருகே தொட்டியில் வளர்த்த செடியிலிருந்து பறித்து, ஓடும் நீரில் நன்கு அலசிப் பயன்படுத்துங்கள்.

இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. இதைக் கூறினால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆயினும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் வீடுகளில் நடக்கும் தீங்குகள் பெரும்பாலும் கஷாயக் குவளையால் வருவதில்லை, மற்றவற்றால் வருகின்றன.

ஆவி பிடித்தல் முதலாவது. கொதிக்கும் நீர்ப் பாத்திரம், மேலே போர்வை, உள்ளே திமிரும் ஒரு பிள்ளை. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில், ஆவி பிடிக்கும்போது சுடுநீர் கொட்டி வெந்துபோன பிள்ளைகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்ததாக அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். ஆவியால் தடுமன் விரைவில் நீங்கும் என்பதற்கும் போதிய சான்று கிடைக்கவில்லை. பெரியவர்கள் பிடித்துக் கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு வேண்டா. மூக்கடைப்புக்கு மருந்தகத்தில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு போதும்.

அடுத்தது மூக்கில் எண்ணெய் விடுவது. குளிப்பாட்டியபின் குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சளி அண்டாது என்பார்கள். அந்த எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலில் இறங்கித் தங்கிவிடும். இருமி வெளியேற்ற முடியாத பச்சைக் குழந்தைக்கு அதுவே நுரையீரல் அழற்சியாக மாறும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் இவ்வாறு பாதிக்கப்பட்ட பல குழந்தைகளைப் பற்றி எழுதியுள்ளார்கள். சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். வெப்பமான ஊரில் திறந்த திண்ணையில் காட்டிய புகையை, குளிருக்கு அஞ்சி எல்லாக் கதவையும் அடைத்த ஒரு மலைவீட்டு அறைக்குள் காட்டினால், சளி பிடித்த குழந்தையின் நெஞ்சு என்ன ஆகும்?

கோடாலித் தைலமும் மற்றத் தைலங்களும் இல்லாத தமிழர் வீடு இந்நாட்டில் இல்லை. என் கைப்பையிலும் ஒன்று உண்டு. பெரியவர்களின் தலைவலிக்கு அது உற்ற துணை. ஆனால் அத்தகைய தைலங்களில் மெந்தாலும் கற்பூரமும் உள்ளன. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் மூக்கருகே அவற்றைத் தடவுவது மூச்சைத் திணறச் செய்யலாம். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால், சிறிதளவே ஆனாலும் வலிப்பு வரும். பூசைக்கு வைத்த வில்லையை எட்டாத உயரத்தில் வையுங்கள். இன்னொரு செய்தி. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு உண்டா என்று பிறந்தவுடனே சோதிக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் நலப் பதிவுப் புத்தகத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். அக்குறைபாடு இருந்தால் அந்துருண்டை போட்ட பெட்டியில் வைத்த துணியைக்கூடக் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது, சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். சில நாட்டு மருந்துகளும் தவிர்க்க வேண்டியவற்றுள் அடங்கும். பாட்டிக்கு இது தெரியாது, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. புத்தகத்தைப் படிக்கக்கூடிய நாம்தான் சொல்ல வேண்டும்.

கடைகளில் விற்கும் சூரணங்களைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் 2012-இல் டெங்கி பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும், 2020-இல் கபசுரக் குடிநீரையும் அரசே மக்களுக்கு வழங்கியது. அதைக் கேட்டு இங்கும் பலர் வாங்கிக் குடித்தார்கள். நிலவேம்பு நம் நாட்டில் ஹெம்பெடு பூமி என்று அறியப்படும் செடிதான். கருவுற்ற பெண்கள் அதைத் தவிர்க்க வேண்டும். எதை வாங்கினாலும் பொட்டலத்தில் சுகாதார அமைச்சின் எம்.ஏ.எல். பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத சில ‘மூலிகை’ மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே நாளில் சளி ஓடிப்போனது என்று யாரேனும் வியந்தால் நான் முதலில் ஐயுறுவது அதைத்தான்.

இவ்வளவும் எழுதிய பின்னர், நான் மறக்க முடியாத ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன்.

அவன் முதலாம் ஆண்டு மாணவன். தாயும் தந்தையும் விடியுமுன் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், வளர்ப்பது பாட்டிதான். நான்கு நாள்களாக இருமல். பாட்டி காலையிலும் மாலையிலும் கஷாயம் கொடுத்துத் தைலம் தடவி, கழுத்தைச் சுற்றித் துணி கட்டி அனுப்பியிருந்தார். அன்று வாசிப்புப் பயிற்சி. அவன் முறை வந்தது. எப்போதும் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டுப் பெருமையோடு என்னைப் பார்ப்பவன், அன்று இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நின்றான். எழுத்து தெரியாமல் நிற்கும் பிள்ளை வேறு. மூச்சு இல்லாமல் நிற்கும் பிள்ளை வேறு. அருகே அழைத்துச் சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. உடனே தலைமையாசிரியரிடம் கூறி, ஓர் ஆசிரியரின் வண்டியில் ஊர்க் கிளினிக்குக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

இங்கிருந்து தானா ராத்தாவுக்கு 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான வளைவுப் பாதை. திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங் என்று ஊர் ஊராகக் கடக்க வேண்டும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் சுற்றுலா வண்டிகள் அடைத்துக் கொண்டால் எப்போது போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாது. நல்லவேளை, அன்று செவ்வாய்க்கிழமை. நுரையீரல் அழற்சி என்றார்கள். சில நாள் தங்கிக் குணமடைந்து திரும்பினான்.

நான் பார்க்கச் சென்றபோது பாட்டி கட்டிலருகே அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்டது இதுதான்: “டீச்சரம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்? இவன் அப்பனையும் இப்படித்தானே வளர்த்தேன்.”

அக்கேள்விக்கு என்ன மறுமொழி கூறுவது? அவர் கொடுத்த கஷாயத்தில் தவறில்லை. இரவெல்லாம் விழித்திருந்து நெஞ்சைத் தடவிக் கொடுத்ததில் தவறில்லை. “நீங்கள் கொடுத்த மருந்து தடுமனுக்குச் சரிதான் பாட்டி. இவனுக்கு வந்தது தடுமனைத் தாண்டிப் போய்விட்டது. எப்போது தாண்டுகிறது என்று கண்டுபிடிக்கும் வழியை உங்களுக்குச் சொல்லித் தருகிறேன்” என்றேன். அவர் கவனமாகக் கேட்டுக் கொண்டார். மருமகளைவிட நன்றாகவே கேட்டுக் கொண்டார் என்று சொல்வேன்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தை நிமிடத்திற்கு 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை 40 அல்லது அதற்கு மேலும் மூச்சு விட்டால் அது வேகமூச்சு என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. வயது எதுவாயினும் மூச்சிழுக்கையில் விலா உள்வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, நீர்கூட அருந்தாமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, அடுப்பில் கொதிக்கும் கஷாயத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டா. காய்ச்சல் தணிந்து இரண்டு நாள் கழித்து மீண்டும் ஏறினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். எடைக்கேற்ற அளவைத் தாதியரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். தாத்தாவின் இதய நோய்க்காக வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். இன்ஃப்ளூயன்சாவோடு அது சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய் வரக்கூடும். இருமல் சிரப்பையும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அதிகாரிகள் 2008-இலேயே எச்சரித்தார்கள். பொறுப்புணர்வில்லாமல் கொடுத்தால் பாட்டி மருந்தும் பாட்டில் மருந்தும் ஒன்றுதான்.

ஆசிரிய நண்பர்களுக்கும் சில சொற்கள். 2025 அக்டோபரில் இன்ஃப்ளூயன்சா நாட்டின் பள்ளிகளில் பரவி, ஏறத்தாழ 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. சில பள்ளிகளை மூடவும் நேர்ந்தது. அப்போது நம்மில் சிலர், “காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்குப் பொறுப்பே இல்லை” என்று கடிந்து கொண்டனர். நானும் அந்தப் பெற்றோர்களை அறிவேன். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பார்த்துக் கொள்ள ஆள் இல்லை. முன்பு தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது, லயத்தில் பத்து வீட்டுப் பெண்கள் இருந்தார்கள்; இன்று அவ்விரண்டும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பிள்ளையைக் கஷாயம் குடிக்க வைத்துப் பள்ளிக்கு அனுப்பும் தாய், பள்ளியே பாதுகாப்பான இடம் என்று நம்பி அனுப்புகிறாள். அவளை ஏசுவதால் நோய் குறையாது. எங்கள் பள்ளியில் இப்போது ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். வீட்டில் வயது முதிர்ந்தோர் இருக்கும் சில தாய்மார்கள் முறை வைத்துக் கொண்டு, வேலைக்குப் போக வேண்டியவர்களின் பிள்ளையைத் தடுமன் காலத்தில் பகலில் பார்த்துக் கொள்கிறார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையை அவ்வாறு சேர்ப்பதில்லை. அந்த நாளில் தாயே இருந்தாக வேண்டும். முழுமையான தீர்வு இல்லைதான். நம்மால் இயன்றது இவ்வளவே. மற்றபடி, கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்று அன்றாடம் பாருங்கள். அலமாரியில் முகக்கவசம் வைத்திருங்கள். இன்ஃப்ளூயன்சாத் தடுப்பூசி ஆண்டுக்கொரு முறை போட வேண்டியது. மூச்சிரைப்பு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் அதைப் பற்றி எடுத்துக் கூறுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குத் தொண்டை கொப்புளிக்கக் கற்றுக் கொடுப்பதும் எளிது. ஜப்பானில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், வெறும் நீரால் நாள்தோறும் கொப்புளித்த பெரியவர்களுக்குத் தடுமன் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. கிருமிநாசினி கலந்து கொப்புளித்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை என்பது வேடிக்கை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதை விளையாட்டாகவே செய்கிறார்கள். யார் நீண்ட நேரம் ஒலி எழுப்புவது என்று போட்டி வேறு.

மிளகு இரசத்தின் அளவைக் கேட்டுச் சில இளந்தாய்மார்கள் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பாட்டியிடமே கேட்டு எழுதுகிறேன். நான்கு பேருக்கு மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பூண்டு தோலோடு ஆறு பல். மூன்றையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், மைய அரைக்கக் கூடாது. எலுமிச்சையளவு புளியைக் கரைத்து, பழுத்த தக்காளி ஒன்றைப் பிசைந்து விட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பச்சை வாடை போகும்வரை கொதிக்க விடவும். பிறகு இடித்ததைப் போட்டு, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும்; மேலும் கொதித்தால் கசக்கும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மல்லித்தழை தூவி மூடி வைக்கவும். சிறு பிள்ளைகளுக்கு மிளகைப் பாதியாகக் குறைத்து, குழைய வடித்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டில் ஊட்ட வேண்டும் என்று பாட்டி சொல்லச் சொன்னார். மிளகின் காரத்துக்கேற்ப அளவைப் பார்த்துக் கொள்ளுமாறும் சேர்த்துச் சொன்னார்.